வெறும் வயிற்று மாத்திரை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்காவுக்கும் கோழி விஷயமாக வந்த சண்டையில் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் எவ்வளவு நம்பலாம் என்று எனக்கு முதலிலேயே தயக்கம்.

"மாமியாருக்கு ஒரு வாய் காப்பிகூட ஊத்தாம விடியக்கால பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போறாடி அந்த மயிலம்மா! பொம்பளையா அவ?"

1997-இல் நான் மலேசியாவில், சிரம்பான் நகரத்தில் தற்காலிக ஆசிரியை. அங்கேயே லோபாக்கில் வாடகை அறை. சனிக்கிழமை கோலா சாவா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மா வீட்டுக்கு வந்து, பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"வாசல்ல நாக்காலி போட்டு ஒக்கார வச்சிடறா. கையில ஒரு கோப்ப பச்சத் தண்ணி. அவ்வளவுதான். பஞ்சாலக்கா பாவம், அப்படியே முழிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு."

"எதுக்கும்மா?"

"எலும்புக்கு மாத்திரையாம். தெனம் வெறும் வயித்துல முழுங்கணுமாம். முழுங்கிட்டுப் படுக்கக் கூடாதாம். நாப்பது வருசமா நம்ப தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் என்னா சொன்னாரு? எந்த மருந்தா இருந்தாலும் சாப்பிட்டுட்டு முழுங்குன்னுதானே? வெறும் வயித்துல போட்டா கொடல் வெந்து போவாதா?"

மயிலம்மாள் அக்காவின் மாமியார் பஞ்சாலை அத்தைக்கு முதுகு கூனிப்போய், போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பும் உடைந்திருந்தது. இன்னொரு முறை உடைந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நா சும்மா இருப்பேனா? அவ தல மறைஞ்சதும் பால் காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் குடுத்துடுவேன். கூடவே ஒக்காந்து பேசிட்டுத்தான் வர்றது."

"மாத்திரை போட்ட உடனேயா?"

"பின்ன? ஆறிப்போன காப்பியையா குடிக்கும்? நீ படிச்சவ, சொல்லு. நா செய்யறது தப்பா?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எங்கள் லயத்து வீடுகளில் யாருக்குக் கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு கிடைத்தாலும் என்னிடம்தான் வரும். நான் படித்தது சரித்திரம்.

"தப்பில்லம்மா" என்றேன்.

அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

திங்கட்கிழமை சிரம்பானில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். மருந்தாளர் அமிர்தலிங்கம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், காப்பி என்றதும் நிமிர்ந்தார்.

"காப்பியோட போனா அந்த மருந்து உடம்புல சேராதும்மா. முழுங்கியும் பிரயோசனமில்ல. காலையில எழுந்ததும் ஒரு கிளாஸ் வெறும் தண்ணி, அதோட மாத்திரை. அரை மணி நேரம் வேற எதுவும் கூடாது. படுக்கவும் கூடாது. படுத்தா மாத்திரை தொண்டைக்குக் கீழ தங்கிப் புண்ணாக்கிடும். யார் இப்படிக் காப்பி குடுக்கறது?"

"பக்கத்து வீட்டுக்காரங்க" என்றேன். அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வகுப்பில் வருகைப் பதிவில் பெயர்களை இரண்டு முறை கூப்பிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பஞ்சாலை அத்தை விழுகிற மாதிரியே கண்ணுக்குள் வந்தது. தோட்டத்துக்குப் போன் செய்யலாம் என்றால், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி எடுப்பார், ஊருக்கே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக மயிலம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பால்மரம் வெட்டி, ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க கெளம்புனதும் எங்கம்மா அத்தைக்குக் காப்பி…"

"தெரியும் தங்கச்சி."

"தெரியுமா?"

"நாலு மாசமா தெரியும். ஒருநா பால் வெட்டுற கத்திய மறந்துட்டுத் திரும்பி வந்தேன். உங்கம்மா பின்பக்கமா நழுவிட்டாங்க. கோப்பையும் கையுமா மாட்டிக்கிட்டாங்க எங்க அத்தை. திருட்டு முழி முழிச்சாங்க பாரு!"

"அப்புறமும் ஏங்க்கா விட்டீங்க? அந்த மருந்து காப்பியோட…"

"அதான் மாத்திரைய விடியக்கால நாலு மணிக்கே குடுத்துடறேன்லா. நான் சோறாக்குற வரைக்கும் அடுப்பங்கரையில எங்கூடவே ஒக்காந்திருப்பாங்க. படுக்க விடமாட்டேன். அஞ்சரைக்கு உங்கம்மா வர்றப்ப என்னா குடிச்சா என்னா?"

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒன்று விளங்கவில்லை.

"அப்படீன்னா நீங்களே காப்பி போட்டுக் குடுத்துட்டுப் போகலாமே. எதுக்கு வெறும் தண்ணியோட வாசல்ல ஒக்கார வைக்கிறீங்க? லயமே உங்கள ஏசுது."

வாளியைக் கவிழ்த்துவிட்டு மயிலம்மாள் அக்கா என்னைப் பார்த்தார்.

"போன வருசம் அவங்க விழுந்தப்ப நான் பால்மரக் காட்டுல நெரையில நிக்கிறேன். வீட்டுக்காரரு போர்டிக்சன் டவுன்ல லோரி ஓட்டறாரு. மத்தியானம் நான் வந்து பாக்கற வரைக்கும் தரையிலயே கெடந்தாங்க. இப்ப உங்கம்மா வந்து கூட ஒக்காருறாங்க, கையப் புடிச்சிக் குளியலறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நான் காப்பி போட்டு வச்சுட்டா, உங்கம்மா எதுக்கு தங்கச்சி வரப்போறாங்க?"

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அமிர்தலிங்கத்திடம் மறுபடியும் போய்க் கேட்டேன். மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் என்றால், சரியாகத்தான் கொடுக்கிறார்கள் என்றார்.