இரண்டாவது குழாய்

ஊதாச் சாயத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, அமீருன்னிசா மூன்று கண்ணாடிக் குழாய்களையும் அலசித் தாங்கியில் கவிழ்த்து வைத்தாள்.

இனிக் காய வேண்டும். கொடைக்கானல் ஐப்பசி ஈரத்தில் எதுதான் சீக்கிரம் காய்கிறது?

தொட்டியடியில் நின்று இராசாத்தி பழைய குழாய்களை பிரஷ் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். வாயே திறக்க மாட்டாள். அந்த மௌனம் ஆறு வாரமாக அமீருன்னிசாவை என்னவோ செய்தது.

மாடி வார்டில் மேல்மலைப் போளூர் சோலைமுத்து படுத்திருந்தார். பூண்டு ஏற்றிய ஜீப் கவிழ்ந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. காய்ச்சல்தான் விட்டபாடில்லை.

மூன்று முறை அவர் இரத்தத்தில் ஒரே கிருமி வளர்ந்தது. எல்லார் தோலிலும் சும்மா கிடக்கிற சாதுவான கிருமி. மூன்று முறையும் அமீருன்னிசா ஒரே வரியைத்தான் எழுதினாள்: 'தோலைச் சரியாகத் துடைக்காமல் ஊசி குத்தியிருக்கிறார்கள்.'

லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வரி பெரிய வசதி. பழி பூராவும் வார்டுக்குப் போய்விடும்.

போன வாரம் வேறு ஆள் எடுத்த இரத்தத்திலும் அதுவே வளர்ந்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது.

டாக்டர் ஒரு புதுக் கட்டுரையின் நகலைக் கொடுத்தார். இந்தச் சாதுவில் சில வகை, பிசின் மாதிரி எதையோ சுரந்து, உடம்புக்குள் வைத்த இரும்பில் படலமாக ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு மருந்துக்கு மசியாதாம். கண்டுபிடிக்க வழியும் போட்டிருந்தது. குழாயில் சர்க்கரை கலந்த சாற்றில் வளர்க்க வேண்டும். சாற்றைக் கொட்டி, சாயம் ஊற்றிக் கழுவ வேண்டும். படலம் இருந்தால் கண்ணாடியில் நிறம் நிற்கும்.

முதல் குழாயில் சோலைமுத்துவின் கிருமி. இரண்டாவதில், அந்த மூன்று முறையும் இரத்தம் எடுத்தவரின் கையிலிருந்து எடுத்த கிருமி. தன் புகாரை நிரூபிக்க ஆகும் என்று அப்போதே பஞ்சால் ஒற்றி, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாள். மூன்றாவதில் வெறும் சாறு. நேற்று கரண்ட் போனபோது மூன்றுக்கும் வெந்நீர்ப் பை அணைத்து வைத்துக் காத்தாள்.

வியாழக்கிழமை மதுரையிலிருந்து சர்ஜன் வருகிறார். லேப் சொன்னால் தகட்டை எடுப்பார். சொல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவார், சோலைமுத்து காய்ச்சலிலேயே உருகிப் போவார்.

அமீருன்னிசா குழாய்களைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

முதல் குழாயின் சுவர் முழுக்க ஊதா.

இரண்டாவது, கழுவி வைத்த தம்ளர் போலத் தெளிவாக இருந்தது. மூன்றாவதும் அப்படியே.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அறிக்கையில், 'படலம் கட்டும் கிருமி. தகட்டைச் சந்தேகிக்கவும்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பழைய வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இராசாத்தி ஈரக் கையை நீட்டினாள், குழாய்களைக் கழுவ.

அமீருன்னிசா முதல் குழாயைத் தரவில்லை. இரண்டாவதைக் கொடுத்தாள். "இது ஒங் கையில எடுத்தது இராசாத்தி. ஒண்ணுமே ஒட்டல, பாரு."

இராசாத்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி விரல்கள் வெளுத்திருந்தன. மூன்றாவது அறிக்கை போன மறுநாள், வார்டிலிருந்து இந்தத் தொட்டிக்கு அனுப்பப்பட்ட நர்ஸ் அவள்.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"அப்ப வியாழக்கெழம ஆபரேசனுக்கு அவரு காலை யாருங்கக்கா தொடச்சு விடுவாங்க?" என்று கேட்டாள்.

அமீருன்னிசா உறைக்குள் போட்ட அறிக்கையை வெளியே எடுத்தாள். கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

'முந்தைய மூன்று முறையும் தோல் சரியாகத்தான் துடைக்கப்பட்டது.'

அதற்குக் கீழே மறுபடியும் கையெழுத்துப் போட்டாள்.