நடுவில் ஒரு புள்ளி

ஹுவாலியன் நகர அரங்கின் வாசலில், அழைப்பிதழைக் காட்டியதும் வருகைப் பதிவு இயந்திரம் பெயர் கேட்டது. ‘டோங்கி·ஹோங்காய்’ என்று அடித்தேன். ‘எழுத்துகள் மட்டும்!’ என்று சிவப்பில் எரிந்து விழுந்தது.

“நடுவுல எதுக்குக்கா அந்தப் புள்ளி? தூக்கிடுங்க,” என்றாள் வரவேற்பில் நின்ற பெண்.

“புள்ளிக்கு அந்தப் பக்கம் எங்கம்மா பேரும்மா. எங்க அமிஸ் பழங்குடி ஜனங்களுக்கு ரெண்டும் சேர்ந்தாத்தான் பேரு.”

“ஐயோ, எழுத்தா இருந்தா போதும்க்கா. எதையாவது அடிச்சுட்டுப் போங்களேன்!”

வாய்வரை வந்த வசவையே அடித்தேன்: ‘பன்றித்தலை’. உடனே பச்சை விளக்கு எரிந்தது.

உள்ளே, தலைவர் மைக்கைப் பிடித்தார். “பழங்குடிப் பெயர் உரிமை விழாவைத் தொடங்கி வைக்க, நம் சிறப்பு விருந்தினரை அழைக்கிறேன்!”

நான் எழுந்தேன். மேடையின் பெரிய திரையில் பூமாரி பொழிந்தது.

‘வருக, பன்றித்தலை அவர்களே!’