மெதுவாக வந்த படம்

பெருநாளுக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டு, கத்தாரிலிருந்த கணவன் முஜாஹித் வீடியோ காலைத் துண்டித்தான். குல்சும் மேஜையிலிருந்த லேப்டாப்பை இரண்டு கைகளாலும் கீழே தள்ளிவிட்டாள். மறுநாள் அவனிடம், "ஆஃபியாதான் தட்டி விட்டுட்டா" என்றாள். ஏழு வயது மகள் போனில் வாப்பாவிடம் ஏச்சு வாங்கினாள். உம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதன்பிறகு லேப்டாப் எதைத் தொட்டாலும் நின்று நிதானித்துத்தான் வேலை செய்தது. குல்சும் மகளையும் கூட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். கடைக்காரன் பெனிஸ்டன் கழற்றிப் பார்த்தான்.

"டிஸ்க் நல்லாருக்கு, ஃபேனும் சுத்துது. ஆனா ஸ்லோவாத்தான் போவுதுக்கா. எப்படி விழுந்துச்சு?"

"பிள்ள தட்டிட்டா."

ஆஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பக்கம் திரும்பக் குல்சுமுக்குக் கூசியது.

பெனிஸ்டன் கேமராவைப் போட்டுப் பார்த்தான். கறுப்புப் பர்தாவோடு எதிரே உட்கார்ந்திருந்தவள், திரையில் கணவன் காலைத் துண்டித்த அன்று போட்டிருந்த நீல நைட்டியில், முடி அவிழ்ந்து, அழுது வீங்கிய முகத்தோடு இருந்தாள். பின்னால் அவள் வீட்டு அலமாரி தெரிந்தது.

"படமும் லேட்டாத்தான் வருதுக்கா."

"மூடிருங்க தம்பி."

"க்ளோஸ் குடுத்துட்டேன். அதுவும் மெதுவாத்தான் கேக்கும்."

திரையில் இருந்தவளின் இரண்டு கைகளும் மெல்ல மெல்ல முன்னால் வந்தன. அந்த அறையில் பிள்ளை இல்லை.

ஆஃபியா ஸ்டூலில் ஏறி, உள்ளங்கைகளை விரித்துத் திரையை மறைத்தாள்.

"அண்ணே, நீங்க பாக்காதீங்க."

அவளுடைய சின்ன விரல்களின் இடுக்கில் அந்தக் கைகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.