கொட்டாங்குச்சிச் சூடு

அய்யாவு கடைசிச் சந்திலும் சாக்கைத் திணித்தான்.

கட்டைவிரலால் அழுத்திவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். காற்று வரவில்லை. வெளியே காப்பார் ஊரின் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இராஜம்மாள் பிள்ளை பெற்று மூன்றாம் நாள். பச்சை உடம்பில் காற்றுப் படவே கூடாது என்று மருத்துவச்சி பெரியாயி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் கூலிக்காரர்களுக்கான ஒழுகுகிற லயத்து வீட்டில் பிறந்தவை. இரண்டும் மழைக்காலத்தில், மார்ச்சளி கட்டி, பெயர் வைப்பதற்குள் போய்விட்டன.

மூன்றாவதையும் மழைக்குக் கொடுக்க அய்யாவு தயாராக இல்லை. காலையிலேயே தாயையும் பிள்ளையையும் ஆலையின் அடுப்பறைக்குக் கொண்டுவந்துவிட்டான். அந்த வட்டாரத்திலேயே ஒழுகாத கூரை அது ஒன்றுதான்.

கொப்பரை ஆட்டி எண்ணெய் எடுக்கும் ஆலை அது. முன்பெல்லாம் கொட்டாங்குச்சி மலையாகக் குவிந்து கொசு வளர்க்கும். ஆலை முதலாளி தவுக்கே புது எஞ்சின் வாங்கிய பிறகு அந்தக் குப்பைதான் ஆலையை ஓட்டுகிறது. கொட்டாங்குச்சியைச் சுட்டுக் கரியாக்கி, ஆள் உயர இரும்பு அடுப்பில் போட்டு மூடினால் அரைகுறையாகக் கனன்று ஒரு வாயு வரும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எஞ்சின் அதைக் குழாய் வழியாக உறிஞ்சி ஓடும். எஞ்சினுக்கென்று எண்ணெய் வாங்க வேண்டாம், விறகு வெட்ட வேண்டாம். தவுக்கே வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டிப் பீற்றிக்கொள்வார்.

அந்த வாயுவுக்குப் புகை இல்லை, வாடையும் இல்லை. எஞ்சின் ஓட்டுகிற அய்யாவுக்கு அதில்தான் பெருமை. லயத்து விறகடுப்பு போலக் கண்ணைக் கரிக்காது, பிள்ளைக்கு இருமல் வராது.

எஞ்சினைப் பூட்டிக் கொடுத்த சீன ஃபிட்டர் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனான். எஞ்சினை நிறுத்தினால் கூரைக்கு மேலே போகும் குழாயின் மூடியை உடனே திறந்துவிட வேண்டும். ஏன் என்று அவன் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. எஞ்சினுக்கு ஏதோ கெடுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். சாயங்காலம் மூடியைத் திறக்கும்போது குழாய்வாயில் உட்கார்ந்திருக்கும் மைனா சில நாள் பொத்தென்று செத்து விழும், அலகின் உட்புறம் செக்கச்செவேலென்று இருக்கும். சூடு தாங்கவில்லை என்று கூட்டித் தள்ளிவிடுவான்.

இப்போது அவனுக்கு வேறு கவலை. எஞ்சின் சத்தத்தில் பிள்ளை காலையிலிருந்து வீரிட்டுக்கொண்டே இருந்தது.

“கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்களேன். பிள்ள அழுதழுது தொண்டையே கட்டிப் போச்சு,” என்றாள் இராஜம்மாள்.

தவுக்கே எண்ணெய்ப் பீப்பாய்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போயிருந்தார். ஆலை நின்றது தெரிந்தால் கிழித்துத் தொங்கவிடுவார். கிழிக்கட்டும் என்று அய்யாவு போய் எஞ்சினை நிறுத்தினான்.

வழக்கம்போல மூடியின் சங்கிலியைப் பிடித்தான். பிடித்தவன் யோசித்தான். திறந்தால் சூடு முழுவதும் வானத்துக்குப் போய்விடும், மழையும் உள்ளே இறங்கும். ஒரு நாள் திறக்காவிட்டால் எஞ்சின் ஒன்றும் செத்துவிடாது.

சங்கிலியை விட்டுவிட்டு அறைக்குள் வந்தான்.

அடுப்புக் கதவின் ஓரத்தில் ஒரு சாக்கு நார் ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடியவரை அது அடுப்புக்கு உள்பக்கமாகவே இழுபட்டுக் கிடந்தது. இப்போது மெல்லத் திரும்பி, இராஜம்மாள் படுத்திருந்த பாயின் பக்கம் ஆடியது. அய்யாவு அதைக் கவனிக்கவில்லை. அவன் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிள்ளை இரண்டு முறை விம்மிவிட்டு அடங்கியது. இராஜம்மாளுக்கும் கண் சொக்கியது. தன் ஈர வேட்டியின் குளிர் பிள்ளைக்கு ஏறிவிடுமே என்று அவன் வெளியே வந்து கதவைச் சாத்தினான்.

மழை ஓயும் நேரத்தில் பெரியாயி பிரசவ மருந்தோடு வந்தாள். கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்தது.

“லயத்துல வெளிறிப்போயிக் கெடந்தவளாடா இவ? ரெண்டு பேருக்கும் கன்னத்துல எப்பிடி ரத்தம் ஏறியிருக்கு பாரு!”

“மெதுவாக்கா,” என்றான் அய்யாவு. “இப்பத்தான் அசந்து தூங்குறாங்க.”

அவள் மருந்துக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அய்யாவு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். இந்தப் பிள்ளை தங்கிவிடும். பத்துமலைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை போடுவதாக மனதுக்குள் வேண்டிக்கொண்டான். உள்ளே ஒரு சிணுங்கல்கூட இல்லை.

கதவை அழுத்திச் சாத்தி, அடியில் இருந்த சந்துக்கும் ஒரு சாக்கை மடித்து வைத்தான். இனி யாரும் வந்து திறந்து, உள்ளே காற்றை விட்டுவிடக் கூடாது.

கதவில் முதுகைச் சாய்த்துக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டான்.