கடைசி விசிலுக்கு முன்

தூத்தூர் கோல்கீப்பர் ஜெரால்டு அன்றைக்குத் தலோவா தீவின் குடிமகன். உலகக்கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குப் பதினோரு பேர் தேறாத நாடு அது. வெளியூர் ஆட்களுக்குக் குடியுரிமை கொடுத்து இறக்கியிருந்தார்கள். கடைசி விசில் ஊதியதும் அந்தக் குடியுரிமை தானாகக் காலாவதியாகிவிடும்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஊரில் அவன் மனைவி ஷைனிக்குப் பிரசவ வலி முற்றியது. பிள்ளை பிறக்கும்போது அப்பன் எந்த நாட்டுக்காரனோ, பிள்ளைக்கும் அதே நாடு என்பது சட்டம்.

"கொஞ்சம் பொறுத்துக்க மக்களே, இப்ப விசில் அடிச்சிருவான்," என்றார் நர்ஸ் ஷைனியிடம், பிரசவ அறை டிவியைப் பார்த்தபடி.

தலோவா ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. நேரத்தைக் கடத்த, ஜெரால்டு வழக்கம்போல் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்துவிட்டான்.

"ஒண்ணுமில்ல அவருக்கு, சும்மா கெடக்காரு," என்று ஷைனி பல்லைக் கடித்தாள்.

அவன் படுத்துக் கிடந்த நேரத்தையெல்லாம் நடுவர் ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தார். அந்த நேரத்தில் மகள் பிறந்தாள்.

விசில் ஊதியதும் போனில் ஜெரால்டு அழுதான். "நாம ஜெயிச்சிட்டோம் ஷைனி."

"நாம இல்ல, ஒங்க மவ நாடு ஜெயிச்சிருக்கு," என்றாள் அவள். "வரும்போது அவளுக்கு இந்தியா விசா வாங்கிட்டு வாங்க."