முதலில் நுழைந்த நிலக்கரி

கரியையும் சக்கையையும் எண்ணெயாக்கும் ஆலையொன்றில் அவற்றைச் சூடேற்றும் கலனை இயக்கிய சவரியப்பன், 1994 மாசியில் சொன்ன வடிவம் இது.

கலன் வாசலில் ஒரு நிலக்கரிக் கட்டியும் ஒரு நிலக்கடலைத் தோலும் காத்திருந்தன. தன் வயதுக்குரிய மரியாதை இன்றோடு போய்விடுமோ என்று கரிக்கு ஒரே கவலை.

"தம்பி, நான் மண்ணுக்குள்ளே முப்பது கோடி வருஷம் இருந்தவன். நீ?"

"நாலு மாசம், தாத்தா. அதுக்கே புழுக்கம் தாங்கலை."

"அப்போ நான்தான் முதல்ல நுழையணும்."

"தாராளமாப் போங்க."

கரி கம்பீரமாக முதலில் விழுந்தது. ஆகவே அடியில் கிடந்தது. தோல் மெல்ல மிதந்து வந்து அதன் தலைமேல் உட்கார்ந்தது.

"டேய், இறங்குடா."

"எங்கே இறங்க? கீழேதான் நீங்க இருக்கீங்களே."

வழக்கு தீருமுன் சூடு ஏறியது. மறுபக்கக் குழாய் வழியே இரண்டும் ஒரே எண்ணெயாகத் தகர டின்னில் சொட்டின. தான் தாத்தாவா தம்பியா என்று அந்த எண்ணெய்க்கு நினைவில்லை. ஆனாலும் அடுத்து விழுந்த சொட்டைப் பார்த்து, "தள்ளி உட்கார் தம்பி, நான் முதல்ல வந்தவன்" என்றது.

வேறு இருவர் சொல்லும் வடிவத்தில், எண்ணெய்க்குள் சண்டை ஓயவேயில்லை. அந்த எண்ணெயை ஊற்றி ஓட்டும் பம்புசெட் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.