ஏழாவது கேள்வி

பள்ளிக்கூடக் கந்தோரில் அதிபர் வீரசிங்கம் யன்னலோரக் கதிரையில் இருக்கிறார். கிளாக்கர் சரீப் தட்டச்சு மெசினுக்கு முன்னால். றுக்கியா டீச்சர் வாங்குப் பலகையின் நுனியில், புரொஜெக்டர் பெட்டியை ஒட்டினாற்போல். துறைமுகச் சங்கு ஊதி ஓய்கிறது. பள்ளிகளில் படம் காட்டிப் பாடம் நடத்தும் போதனாசிரியர் வேலைக்கு றுக்கியா விண்ணப்பம் அனுப்ப இன்று கடைசி நாள். பயிற்சிச் சான்றிதழ், ஐந்து வருடச் சேவை எல்லாம் அடித்தாயிற்று. ஏழாவது கேள்வியில் சரீப்பின் விரல் நிற்கிறது.

"அறுந்த பிலிமை ஒட்டத் தெரியுமோவாம். செய்த வேலை ஒண்டைச் சொல்லட்டாம். என்ன அடிக்க, டீச்சர்?"

 றுக்கியா ஒட்டியது ஒரேயொரு பிலிம். போன தவணை மலேரியாப் படம் ஓடாமல் இறுகி நின்று, விளக்குச் சூட்டில் திரையிலேயே நுளம்பு பழுப்பாகிக் கருகியது. அது கல்விக் கந்தோரின் பிலிம். கருகியதை வெட்டி ஒட்டி, மூவருமாக மூச்சுக் காட்டாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அதையே அடியுங்கோ." அவள் புரொஜெக்டர் பெட்டியைப் பார்த்தபடி சொல்கிறாள்.

"கந்தோர் நுளம்பைச் சுட்டது நாங்கள்தான் எண்டா?" சரீப் சிரிக்கப் பார்க்கிறார். "உள்ள வேலையும் போயிடும், டீச்சர்."

"வெறுமனே விட்டால் தெரியாதெண்டுதானே நினைப்பினம்?" றுக்கியா அதிபர் பக்கம் திரும்புகிறாள். "எழுதினால், சேர், உங்கட பேரும் இழுபடும்."

பிலிமோடு போன கடிதத்தில் கையொப்பம் அதிபருடையது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்; துடைத்துக்கொண்டே இருக்கிறார். கடற்காற்றில் தாள் படபடக்கிறது. பிறகு சரீப்பிடம் "அடியும்" என்கிறார். நுளம்புக் கதை தாளில் ஏறியதும் பேனையை எடுத்து, விண்ணப்பத்தின் அடியில் ஒப்பமிடுகிறார். எழுத்துக் கோணுகிறது.

றுக்கியா உறையின் பசையை நாவால் தொடுகிறாள், நாவில் ஈரமில்லை. சரீப் தேநீரில் விரலை நனைத்து ஒட்டி, சட்டைப் பைக்குள் வைத்துச் சைக்கிளில் ஏறுகிறார். அவரைத் திருப்பிக் கூப்பிடுவதற்கு அவள் வாய் திறக்கிறாள். சைக்கிள் தபால் கந்தோர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது.